பள்ளிகளில் தொழிற்கல்வியும் ஆலோசனைக் குழுக்களும்

ரமணாசிரமத்துக்கு அருகில், செங்கம் சாலையை ஒட்டிக் குடியிருக்கும் நமது சங்க அங்கத்தினர் ஒருவர், பத்தாம் வகுப்பில் தேறிய தம் மகனை மேல்நிலை வகுப்பில் நெசவுத் தொழில்நுட்பப் பிரிவில் சேர்க்கலாமா என்று கேட்டு வந்தார். முப்பது ஆண்டுகள் குழித்தறியில் அமர்ந்து உழைத்தவர். "நான் அறிந்ததையே அங்கும் கற்பிப்பார்கள் என்றால் அவன் பள்ளிக்குப் போவானேன்? நான் அறியாததைக் கற்பிப்பார்கள் என்றால், அது இன்னதென்று தீர்மானிப்பவர் யார்?" என்று வினவினார். முதற்கேள்விக்கு விடை கூறுவது எளிது. இரண்டாவது கேள்வி நம் எல்லோருக்கும் உரியதாகையால், அதைச் சற்று விரிவாகவே இங்கு ஆராய்வோம்.

தமிழ்நாட்டில் புகுமுக வகுப்பு நீக்கப்பட்டுப் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகள் பள்ளிகளில் தோன்றியது 1978ஆம் ஆண்டில். அப்பொழுதே பொதுக்கல்விப் பிரிவுடன் தொழிற்கல்விப் பிரிவும் தொடங்கப்பெற்றது. வேளாண்மை, மனையியல், வணிகம், பொறியியல், சுகாதாரம் எனப் பல துறைகளில் பாடங்கள் அமைந்தன. 2018-19ஆம் கல்வியாண்டு முதல் பாடத்திட்டம் புதுப்பிக்கப்பட்டபோது இப்பாடங்களும் திருத்தப்பெற்றன. நமக்கு நெருங்கியவை வேளாண் அறிவியலும், நெசவியல் சார்ந்த பாடங்களும் ஆகும். பாடத்திட்டத்தையும் பாடநூலையும் வகுப்பது சென்னையிலுள்ள மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம். ஒரு பள்ளியில் இத்தகைய பிரிவு நடைபெற வேண்டுமானால் அரசின் அனுமதி, செய்முறைக் கூடம், கருவிகள், பயிற்றுநர் ஆகிய யாவும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் பிரிவு நொண்டும். பயிற்றுநர் ஓய்வு பெற்றபின் அவ்விடம் நிரப்பப்படாமையால் மூடப்பட்ட பிரிவுகள் பல.

ஆகவே, "தீர்மானிப்பவர் யார்?" என்ற கேள்விக்கு "அரசாங்கம்" என்று சொல்லிவிடலாம். அது உண்மையே, ஆனால் முழு உண்மையன்று. தொழில் செய்வோரைக் கேளாமல் தொழிற்கல்வியை வகுக்கலாகாது என்பதை அரசாங்கம் நியமித்த குழுக்களே பலமுறை வற்புறுத்தியுள்ளன.

சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53இல் இயங்கிய இடைநிலைக் கல்விக் கமிஷன், தொழில்நுட்பப் பள்ளிகள் அந்தந்தத் தொழில் நடைபெறும் இடத்துக்கு அருகிலேயே நிறுவப்பட வேண்டும் என்றும், அத்தொழிலினருடன் நெருங்கிய ஒத்துழைப்புடன் நடைபெற வேண்டும் என்றும் கூறிற்று. செலவுக்காகத் தொழிற்சாலைகள் மீது தொழிற்கல்வி வரி ஒன்று விதிக்கலாம் என்பதும் அதன் யோசனை. வரி யோசனையை அன்று யாரும் விரும்பவில்லை; அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இருபத்தைந்து ஆண்டுகளுக்குப்பின், வேலூரிற் பிறந்தவரும் யுனெஸ்கோ நிறுவனத்தில் உயர் பதவி வகித்தவருமான டாக்டர் மால்கம் ஆதிசேஷையா தலைமையிலான தேசியக் குழு, மேல்நிலைத் தொழிற்கல்வியைப் பற்றி 1978இல் அறிக்கை அளித்தது. மொழிக்குப் பதினைந்து, பொது அடிப்படைப் பாடங்களுக்குப் பதினைந்து, எஞ்சிய 70 சதவீதப் பாடநேரம் தொழிலுக்கு என்று அது பங்கிட்டது. நமக்கு முக்கியமானது வேறொன்று: ஒரு வட்டாரத்தில் என்னென்ன தொழில்கள் உள்ளன, அவற்றில் எத்தனை பேருக்கு இடமுண்டு என்று முதலில் கணக்கெடுத்த பிறகே பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதன் கருத்து. கணக்கெடுப்பைத் தள்ளிவைத்து, கிடைத்த ஆசிரியருக்கேற்பப் பாடத்தைத் தொடங்கிய இடங்களில் என்ன நேரும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

இங்கே நம்மவர் மனத்தில் எழக்கூடிய ஓர் ஐயத்தை மறைத்துவிட்டு மேலே செல்வது நேர்மையாகாது. 1953இல் ராஜாஜி அமைச்சரவை தொடக்கப்பள்ளிகளில் பள்ளி நேரத்தைச் சுருக்கி, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. அதனைக் குலக்கல்வி என்று கூறி மக்கள் எதிர்த்தனர்; 1954இல் காமராஜர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது. நெசவாளி வீட்டுப் பிள்ளை நெசவாளியாகவே இருக்க வேண்டும் என்று எந்தப் பள்ளியும் சொல்லலாகாது. நமது சங்கமும் சொல்லலாகாது. அதே சமயம், நெசவு கற்க விரும்பும் பிள்ளைக்கு, அவன் எவ்வீட்டில் பிறந்தவனாயினும், நன்றாகக் கற்கும் வாய்ப்பு இல்லாமற்போவதும் அநியாயமே. ஆலோசனைக் குழுவில் நாம் அமரும்போது இவ்விரண்டையும் நினைவில் வைத்தாக வேண்டும்.

பிறநாடுகளில் இது எவ்வாறு நடைபெறுகிறது? அமெரிக்க நாட்டில் 1917ஆம் ஆண்டு ஸ்மித்-ஹ்யூஸ் சட்டம் வேளாண்மை, கைத்தொழில், மனையியல் கல்விகளுக்கு மத்திய அரசாங்கப் பணத்தை மாநிலங்களுக்கு அளித்தது. ஒவ்வொரு மாநிலமும் அதற்கென ஒரு வாரியம் வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கலிபோர்னியா மாநிலத்தின் கல்விச் சட்டம், தொழிற்கல்வி நடத்தும் ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் ஆலோசனைக் குழு ஒன்று நியமிக்கப்பட வேண்டும் என்கிறது. மாணவர், ஆசிரியர், வணிகர், தொழில் துறையினர், பின்தங்கியோர் நிலையை அறிந்த பொதுமக்கள், வேலைவாய்ப்புத் துறையினர் ஆகியோர் அதில் இடம் பெறுவர். பாடத்தைப் பற்றிப் பரிந்துரைப்பதும், பள்ளிக்கும் வேலை தருவோருக்கும் இடையே பாலமாயிருப்பதும் அக்குழுவின் கடமை. 2018இல் திருத்தப்பெற்ற அந்நாட்டு பெர்க்கின்ஸ் சட்டம், ஈராண்டுக்கு ஒருமுறையேனும் வட்டாரத் தேவையை மதிப்பிட்டாலன்றிப் பணம் பெற இயலாது என்று விதித்திருக்கிறது. ஆதிசேஷையா வேண்டிய கணக்கெடுப்பும் ஏறத்தாழ இதுவே.

ஜெர்மனியின் வழி இன்னும் கண்டிப்பானது. 1969ஆம் ஆண்டுத் தொழிற்பயிற்சிச் சட்டப்படி அமையும் குழுவில் வேலை தருவோர் அறுவர், தொழிலாளர் அறுவர், தொழிற்பள்ளி ஆசிரியர் அறுவர். பெரும்பாலான விஷயங்களில் ஆசிரியர்கள் ஆலோசனை கூறலாம். வாக்களிப்போர் மற்ற பன்னிருவரே. தொழிலாளிக்கும் முதலாளிக்கும் சம எண்ணிக்கை என்பதைக் கவனியுங்கள். கூட்டுறவுச் சங்கத்தின் நெசவாளி இவ்விருவரும் தாமே ஆகிறார்; அவருடைய சொல்லுக்கு எவ்வளவு பெறுமதி இருக்கக்கூடும்!

நம் மாநிலத்தில், தொழில் செய்வோர் அடங்கிய குழு பள்ளிதோறும் இருந்தே தீர வேண்டும் என்று கலிபோர்னியாவைப்போல் சட்டம் இல்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். 2022இல் அரசுப் பள்ளிகளில் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பெற்றன. ஆனால் கட்டடம், கழிப்பறை, வருகைப்பதிவு ஆகியவற்றிலேயே அவற்றின் பொழுது பெரும்பாலும் கழிகிறது. நெசவுப் பாடத்தில் என்ன குறை என்று ஆராய அவற்றுக்கு அவகாசமுமில்லை, அறிந்தவரும் அரியர். ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின் கீழ் நடைபெறும் தொழிற்கல்வியிலோ, வெளியிலிருந்து தொழில் வல்லுநரை அழைத்து வகுப்பெடுக்கச் செய்யவும், மாணவரைத் தொழில் நடக்குமிடத்துக்கு அழைத்துச் செல்லவும் இடமளிக்கப்பட்டிருக்கிறது. நாம் நுழையக்கூடிய கதவு இது.

கதவு திறந்திருந்தும் உள்ளே சென்றவர் என்ன செய்தார் என்ற கேள்வி இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் இத்தகைய குழுவொன்றில் என்னையும் சேர்த்தார்கள். ஒரே ஒரு கூட்டம் நடைபெற்றது. தேநீர் வந்தது, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டோம், புகைப்படம் எடுத்தார்கள். செய்முறைக் கூடத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருந்தார். பிறகு எனக்கு அழைப்பு வரவில்லை. நானும் சென்று கேட்கவில்லை. இதில் பள்ளியின் குற்றம் எவ்வளவோ அவ்வளவு என் குற்றமும் உண்டு.

ஆகையால் குழுவில் அமர்பவர் முதலில் கேட்க வேண்டியது செய்முறைக் கூடத்தின் சாவியையே. தறி ஓடுகிறதா? பாவு ஏற்றியிருக்கிறதா, அல்லது சென்ற ஆண்டுப் பாவே தூசி படிந்து கிடக்கிறதா? அறுந்த இழையை மாணவன் விழுதிலும் அச்சிலும் தானே கோத்து இழுத்துக் காட்டுவானா? கட்டத்தாளில் வரைந்த புட்டாவை ஜக்கார்டு அட்டைக்கு மாற்றத் தெரியுமா? வடக்கே ஆரணியில் பட்டு நெய்வோர் புதிதாகச் சேரும் இளைஞனிடம் எதிர்பார்ப்பது இவற்றையே. பாடநூலின் முதல் அத்தியாயத்திலுள்ள இலக்கணங்களை அல்ல. கணினியில் வடிவமைக்கவும், சேலைக்கு விலை கணக்கிடவும், நூல், சாயம், கூலி மூன்றையும் பிரித்தெழுதவும் அவனுக்குத் தெரியுமாயின், தகப்பனார் அறியாததை அவன் அறிந்தவனாகிறான்.

பயிர்த்தொழில் அங்கத்தினரும் இவ்வாறே கேட்கலாம். விதை முளைப்புத்திறனைச் சோதித்துச் சொல்ல மாணவனால் இயலுமா? மண் பரிசோதனை அட்டையைப் படித்து நிலக்கடலைக்கு எவ்வளவு உரம் என்று கூறுவானா? சொட்டு நீர்க்குழாய் அடைத்துக்கொண்டால் எங்கே கை வைப்பான்?

இன்னொரு சங்கடமான விஷயம். ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்று தறிச்சத்தத்தைவிட விடுதிகளில் பாத்திரம் கழுவும் சத்தமே மிகுதி. கிரிவலத்துக்கு வருவோரும் பிறநாட்டினரும் தங்கும் இடங்கள், உணவு விடுதிகள், ஆட்டோ வண்டிகள் ஆகியவற்றில்தான் இளைஞர்கள் வேலை காண்கிறார்கள். நேர்மையாகக் கணக்கெடுத்தால் இப்பகுதிப் பள்ளிக்கு உணவக மேலாண்மைப் பாடமே ஏற்றது என்றுகூட முடிவு வரலாம். நெசவாளர் சங்கத்தார் குழுவில் இருப்பதனாலேயே நெசவுப் பாடம் வேண்டும் என்று அடம்பிடிப்பது தகாது. ஆரணி வட்டாரத்தில் அவ்வாறு வாதாட நியாயமுண்டு. இங்கே முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். சங்கத்துக்குக் குறைந்த கூலியில் ஆள் சேர்க்கும் வழியாக இக்குழுவை யாரேனும் கருதினால், அவர் வெளியே இருப்பதே நலம்.

நம் அங்கத்தினருக்குச் சொன்ன விடை இது: மகனுக்கு விருப்பமிருந்தால் சேர்க்கலாம், ஆனால் சேர்க்குமுன் செய்முறைக் கூடத்தையும், பயிற்றுநர் இருக்கிறாரா என்பதையும் நேரில் பாருங்கள். பள்ளியில் இவை சரியாயில்லையெனில், பத்தாம் வகுப்புத் தேறியவர்க்கு மூன்றாண்டு டிப்ளமோ அளிக்கும் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் 1960 முதல் சேலத்தில் இருக்கிறது, அதையும் விசாரியுங்கள். அவர் மறுவாரமே பள்ளிக்குச் சென்று பார்த்துவிட்டு வந்தார். தறி இருக்கிறதாம், அச்சு துருப்பிடித்திருக்கிறதாம். தாமே ஒரு நாள் வந்து சரி செய்து தருவதாகத் தலைமையாசிரியரிடம் கூறியிருக்கிறார்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் நெசவாளர் தரப்பில் இருவரும், பயிர்த்தொழிலாளர் தரப்பில் இருவரும் தெரிந்தெடுக்கப்பட்டு, பள்ளிகளுக்கு எழுத்து மூலம் பெயர் தெரிவிக்கப்படும். நால்வரில் இருவரேனும் பெண்களாயிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பாவு ஓட்டுபவரும் நாற்று நடுபவரும் அவர்களே அல்லவா? விருப்பமுள்ளோர் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம். பள்ளி வேலை நாளில், ஆண்டில் இரண்டு பகற்பொழுதாவது ஒதுக்க இயன்றவர்கள் மட்டும் கொடுத்தால் போதும்.