வெறுங்காலோடு கார் ஓட்டலாமா, சாமி?

மாலை போட்டதும் செருப்பைக் கழற்றியாயிற்று. செங்கோட்டை வழியாகச் சபரிமலைக்குக் காரை ஓட்டிப் போகப்போவதும் நீங்கள்தான். “வெறுங்காலோடு ஓட்டினா போலீஸ் பிடிக்குமா அண்ணாச்சி?” என்று கேட்டீர்கள். பிடிக்காது. அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் அது பாதுகாப்பா என்பது வேறு கேள்வி. அதற்கு இந்த ஒரு டீ போதாது. இன்னொன்று சொல்லுங்கள் சாமி, பொறுமையாகப் பேசுவோம்.

முதலில் சட்டத்தை முடித்துவிடலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ஹெல்மெட் போடச் சொல்கிறது, சீட் பெல்ட் கட்டச் சொல்கிறது. சொந்தக் கார் ஓட்டுகிறவர் காலில் என்ன போட வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. 2019இல் அபராதத் தொகைகளை உயர்த்தியபோது, செருப்புப் போட்டு ஓட்டினால் அபராதம், லுங்கி கட்டி ஓட்டினால் அபராதம் என்று வாட்ஸ்அப் முழுக்கச் செய்தி ஓடியது. அந்தச் செப்டம்பரிலேயே அமைச்சர் நிதின் கட்கரியின் அலுவலகம் அதை மறுத்தது. அரைக்கைச் சட்டைக்கும் லுங்கிக்கும் செருப்புக்கும் புதிய சட்டத்தில் அபராதம் இல்லை, வதந்தியை நம்பாதீர்கள் என்று அறிவித்தது. அந்தப் பழைய செய்தி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களுக்குச் சந்தேகம் வந்ததும் அதனால்தான் இருக்கும். வாடகை வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சீருடை விதி உண்டு, அது தனிக் கணக்கு.

ஆனால் அதே சட்டத்தில் 184ஆம் பிரிவு இருக்கிறது. அபாயகரமாக ஓட்டுவதற்கான பிரிவு அது. முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். கால் வழுக்கிப் பிரேக் பிடிக்க முடியாமல் ஒருவரை இடித்துவிட்டால், காலில் செருப்பு இருந்ததா இல்லையா என்று வழக்குப் போட மாட்டார்கள். வண்டியை உங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருந்தீர்களா என்பதுதான் கேள்வியாக இருக்கும். உயிர் போய்விட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு வரும். அதில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு.

வெளிநாடுகளிலும் ஏறக்குறைய இதே நிலைதான். பிரிட்டனின் சாலை விதிக் கையேட்டில் 97ஆம் விதி, நீங்கள் போட்டிருக்கும் உடையும் காலணியும் பெடல்களை இயக்கத் தடையாக இருக்கக் கூடாது என்கிறது, வெறுங்காலைத் தடுக்கவில்லை. அமெரிக்காவில் எந்த மாநிலத்திலும் வெறுங்காலோடு கார் ஓட்டத் தடை இல்லை. அலபாமா மட்டும் மோட்டார் சைக்கிள் ஓட்டக் காலணி வேண்டும் என்கிறது. ஜப்பான் நிலைமையை நான் முக்கியமாக நினைக்கிறேன். தோக்கியோவின் போக்குவரத்து விதி, மரக்கட்டைச் செருப்பு மாதிரி ஓட்டுவதற்கு இடைஞ்சலானவற்றைப் போட்டு ஓட்டக் கூடாது என்கிறது. வெறுங்காலை விட்டுவிட்டுச் செருப்பைத் தடுத்திருக்கிறார்கள். யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

காலைப் பற்றிப் பேசுவோம். வலது குதிகால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். பாதத்தின் முன்பகுதி ஆக்ஸிலேட்டரிலிருந்து பிரேக்குக்குத் திரும்ப வேண்டும். வெறுங்காலில் இது நன்றாகவே நடக்கும். பெடல் எவ்வளவு இறங்குகிறது, எங்கே பிடிக்கிறது என்று தோலுக்கே தெரியும். நம் லாரி டிரைவர்கள் எத்தனையோ பேர் செருப்பைக் கதவோரம் விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓட்டுகிறார்கள். பழக்கமும் உண்டு, வண்டியின் மேல் மரியாதையும் உண்டு.

சிக்கல் வருவது அழுத்தும்போது. இதை நீங்களே பார்த்துவிடலாம். வீட்டு வாசலில் கார் நிற்கும்போது, கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு, இன்ஜினை அணைத்து, வெறுங்காலால் பிரேக்கை நாலைந்து முறை அழுத்தி விடுங்கள். முதல் இரண்டு முறை மெத்தென்று இறங்கும். அப்புறம் கல்லாக இறுகிவிடும். அந்த நிலையில் காலை எடுக்காமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் தானாகக் கொஞ்சம் கீழே போகும். பிரேக்குக்குத் துணை நிற்கும் வேக்குவம் பூஸ்டர் வேலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். நாம் தினமும் லேசாக மிதித்து வண்டியை நிறுத்துவது அதன் தயவில்தான். ஓடுகிற வண்டியில் இன்ஜின் நின்றுபோனால், ஒன்றிரண்டு மிதிக்குப் பிறகு அந்தத் துணை இருக்காது. அந்தக் கல் பெடலைத்தான் உங்கள் உள்ளங்கால் மிதிக்க வேண்டும். கார் பிரேக்குகளைச் சோதிக்கும் ஐ.நா. விதியில் டிரைவரின் கால் 500 நியூட்டன் வரை அழுத்தலாம் என்று வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 50 கிலோ எடை அது. மெல்லிய ரப்பர் போட்ட இரும்புத் தகட்டை அந்த அளவுக்கு மிதித்தால், பழகாத பாதம் வலியில் தானாகத் தளர்ந்துவிடும்.

இதனால்தான் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். எரிபொருள் மிச்சம் என்று இறக்கத்தில் இன்ஜினை அணைத்து உருட்டாதீர்கள். செருப்புப் போட்டவருக்கும் அது ஆபத்துதான், வெறுங்காலுக்கு இரண்டு மடங்கு ஆபத்து. ஆரியங்காவு தாண்டித் தென்மலைக்கு இறங்கும்போது இரண்டாவது கியரில் போட்டு இன்ஜினையே வண்டியைப் பிடிக்க விடுங்கள். பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால் பிரேக்கும் சூடாகும், காலும் சோர்ந்துபோகும்.

ஏ.பி.எஸ். பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 2019 ஏப்ரலிலிருந்து விற்கும் கார்களில் அது கட்டாயம், அதற்குப் பிறகு வாங்கியதென்றால் உங்கள் காரிலும் இருக்கும். மழையில் ஓங்கி மிதிக்கும்போது பெடல் காலுக்கடியில் தடதடவென்று அதிரும். ஷூ போட்டிருந்தால் மந்தமாகத் தெரியும். வெறுங்காலில் சுளீரென்று தெரியும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுவார்கள். எடுக்கக் கூடாது. அதிர்ந்தால் அது வேலை செய்கிறது. வண்டி நிற்கும்வரை அழுத்தியபடியே இருங்கள்.

அடுத்தது ஈரம். போகிற வழியில் குற்றாலத்தில் குளிக்காமல் எந்தச் சாமியும் போவதில்லை. அருவியில் குளித்துவிட்டு, மணல் ஒட்டிய ஈரக்காலோடு அப்படியே சீட்டில் ஏறி உட்காருவது வழக்கம். பெடலின் ரப்பர் பழசாகி வழுவழுப்பாகியிருந்தாலோ, அழகுக்காக அலுமினியக் கவர் மாட்டியிருந்தாலோ ஈரக்கால் வழுக்கும். அறுபதில் போகிற வண்டி அரை நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் போய்விடும். வழுக்கிய காலைத் திரும்பப் பெடலில் வைக்க அந்த அரை நொடி ஆகிவிடும். ஒரு துண்டை டிரைவர் கதவிலேயே செருகி வையுங்கள். விரலிடுக்குவரை துடைத்துவிட்டு ஏறுங்கள்.

இவ்வளவு சொன்னாலும், காரில் வெறுங்காலைவிட நான் அதிகம் பயப்படுவது கழற்றிப் போட்ட செருப்புக்குத்தான். சாதாரண நாளில் செருப்போடு ஏறி, ‘ஃப்ரீயாக இருக்கட்டும்’ என்று காலடியிலேயே கழற்றிவிடுகிறார்கள். அது நகர்ந்து பிரேக் பெடலுக்குக் கீழே போய் ஒண்டிக்கொண்டால் பெடல் இறங்காது. எவ்வளவு பலமாக மிதித்தாலும் இறங்காது. ஹவாய் செருப்பைப் போட்டுக்கொண்டே ஓட்டுவதும் நல்லதில்லை. முன்நுனி மடங்கிப் பெடலில் மாட்டும், குதிகால் பக்கம் தனியாகத் தொங்கும். மாலை கழற்றிய பிறகு ஓட்டும்போது, பின்னால் பெல்ட் வைத்த சாண்டலோ மெல்லிய அடியுள்ள கேன்வாஸ் ஷூவோ போடுங்கள். அதற்கு வழியில்லாத நாளில் ஹவாயைவிட வெறுங்காலே மேல் என்பேன்.

காரில் சாமிகள் மட்டும் போனால் செருப்பு இருக்காதுதான். ஆனால் தண்ணீர் பாட்டில் இருக்கும், உடைக்கக் கொண்டுபோகும் தேங்காய் இருக்கும். மலை இறக்கத்தில் பிரேக் பிடித்தால், பின் சீட்டுக்கடியில் கிடப்பதெல்லாம் உருண்டு முன்னால்தான் வரும். காரின் தரையில் விரிக்கும் மிதியடியும் இதே கணக்குதான். 2009இல் அமெரிக்காவில் டொயோட்டா நிறுவனம் சுமார் 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது, நகர்ந்த மிதியடியில் ஆக்ஸிலேட்டர் மாட்டிக்கொள்ளலாம் என்பதற்காக. அதற்கு முந்தைய மாதம் சான் டியேகோ பக்கம் ஒரு லெக்சஸ் காரில் போன நான்கு பேர் அப்படித்தான் இறந்துபோனார்கள். வேறு மாடலுக்கான மிதியடியை அதில் போட்டிருந்தார்கள். நம் ஊரில் மிதியடிக்கு மேல் மிதியடியாக அடுக்குகிறார்கள். டிரைவர் பக்கம் ஒன்றுதான் இருக்க வேண்டும். அதுவும் தரையிலுள்ள கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும்.

பைக் என்றால் என் பதில் வேறு. சட்டம் அங்கேயும் தடுக்கவில்லை. ஆனால் கியர் போடுவது கால்விரல், நிற்கும்போது ஊன்றுவது உள்ளங்கால், பக்கத்தில் கொதிக்கிற சைலன்சர், கீழே கொதிக்கிற தார். வண்டி சாய்ந்தால் முதலில் நசுங்குவதும் பாதம்தான். விரதம் முடியும்வரை பைக்கை நிறுத்திவிட்டு பஸ்ஸில் போய் வாருங்கள். முடியாது என்றால், பைக்கில் மட்டும் செருப்புப் போடலாமா என்று உங்கள் குருசாமியிடம் கேளுங்கள்.

காரில் போகலாம், சாமி. கிளம்புவதற்கு முந்தைய நாள் காலி மைதானத்தில் வெறுங்காலோடு இருபது கிலோமீட்டர் வேகத்தில் போய் முழு பிரேக் அடித்துப் பாருங்கள். கால் வலித்தாலோ வழுக்கினாலோ, காலணி போட்டு ஓட்டுகிற ஒருவரை டிரைவராக அழைத்துக்கொள்ளுங்கள். நீங்களே ஓட்டுவதென்றால், புளியரை வளைவில் ஏறுவதற்கு முன் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள். அந்த மூன்று பெடல்களையும் உங்கள் காலையும் தவிர அங்கே வேறு எதுவும் இருக்கக் கூடாது.