ராட்டினத்துக்கும் வரி உண்டு!

"அம்மா, லீவுக்கு வொண்டர்லா போலாம்மா!" என்று என் சின்னவன் நச்சரிக்க ஆரம்பித்துவிட்டான். நாத்தனார் குழந்தைகளையும் சேர்த்தால் ஆறு டிக்கெட். பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். "டிக்கெட்ல வரியும் இருக்கும், அதையும் பார்த்துக்கோ" என்றார் என் கணவர். அது என்ன வரி என்று விசாரித்ததில் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முன்பெல்லாம் சினிமா டிக்கெட்டில் கேளிக்கை வரி என்று அச்சடித்திருக்குமே, நினைவிருக்கிறதா? 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது மாநில அரசின் அந்த வரி அதில் கலந்துவிட்டது. ஆனால் கேளிக்கைக்கு வரி போடும் உரிமை பஞ்சாயத்துக்கும் நகராட்சிக்கும் மட்டும் விட்டுவைக்கப்பட்டது. அந்த ஜூலையில் நம் ஊர் தியேட்டர்களைச் சில நாள் மூடி வைத்ததும் இந்த இரட்டை வரியால்தான்.

பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கு ஜி.எஸ்.டி. முதலில் 28 சதவீதம். 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் இதற்கு மேல் உள்ளாட்சி வரி 10 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பூங்காவின் கட்டணம் 1,000 ரூபாய் என்றால் ஜி.எஸ்.டி. 180, உள்ளாட்சி வரி 100. ஆறு பேருக்கு உள்ளாட்சி வரி மட்டும் 600 ரூபாய்! எங்கள் வீட்டில் ஒரு வாரக் காய்கறிச் செலவு அது.

திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லாவுக்கு நிலம் இருந்தும், வேலை பல வருஷம் இழுத்துக்கொண்டே போனதற்கு இந்தப் பத்து சதவீதம் ஒரு முக்கியக் காரணம். "டிக்கெட் விலை ஏறினால் யார் வருவார்கள்?" என்பது அவர்கள் கவலை. அரசு விலக்கு தந்த பிறகே வேலை சூடுபிடித்தது. பூங்கா 2025 டிசம்பரில் திறந்தது.

"நமக்கு லாபம்தானே!" என்றேன். என் கணவர் சிரித்தார். "அந்த வரி பஞ்சாயத்துக்குப் போற பணம்டி. தெருவிளக்கு, குடிதண்ணி, குப்பை வண்டி எல்லாம் அதுலதான் நடக்கணும். பூங்காவுக்குக் கூட்டம் வந்தா ரோடும் தேயும், குப்பையும் சேரும். யார் பாக்கறது?"

யோசித்தேன். தெருக்குழாயில் தண்ணீருக்குக் காத்து நிற்பவள் நம்மைப் போன்ற ஒரு பெண்தானே? அதே சமயம் வரி அதிகமென்று பூங்காவே வராவிட்டால் அந்தப் பத்து சதவீதமும் சைபர்தான். ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் வேலையும் இல்லை, வாசலில் சுண்டல் விற்பவளுக்கு வியாபாரமும் இல்லை. கன்றுக்கும் விட்டுக் கறக்க வேண்டும் என்பார்களே, அதுதான் வரிக்கும் கணக்கு.

என் அபிப்பிராயம் இதுதான்: விலக்கு கொடுக்கட்டும், ஆனால் அதற்கு ஒரு காலவரை இருக்கட்டும். பூங்கா காலூன்றிய பிறகு ஊருக்குச் சேரவேண்டியது சேரட்டும்.

அடுத்த தடவை எந்தப் பூங்காவுக்குப் போனாலும் டிக்கெட்டைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள். கட்டணம் எவ்வளவு, வரி எவ்வளவு என்று குழந்தைகளையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ராட்டினம் சுற்றிய மாதிரியும் ஆச்சு, கணக்குப் பாடம் படித்த மாதிரியும் ஆச்சு!