எதிர்விளக்கு பட்டதும் சாலை ஏன் மறைகிறது?

இரவில் எதிரே வரும் லாரியின் முகப்பு விளக்கு நம் கண்ணில் பாய்ந்து கடந்தபின், சில விநாடிகள் சாலையே மறைந்துபோவதற்குக் காரணம், விழித்திரையில் மங்கிய ஒளியை உணர்வதற்கென்றே அமைந்த அணுக்களில் ரோடாப்ஸின் என்னும் செந்நிற வஸ்து இருப்பதும், உக்கிரமான பிரகாசம் பட்ட க்ஷணத்திலேயே அதில் ஒரு பகுதி சிதைந்து வெளிறிவிடுவதுமேயாகும். முற்றும் வெளிறிய ரோடாப்ஸின் இருளில் பூரணமாக மீள ஏறக்குறைய 30 நிமிஷம் செல்லும்; வண்டி விளக்கு அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. எனினும், கூச்சத்தில் சட்டென்று சுருங்கிய கண்மணி அதே வேகத்தில் விரிவதில்லை; வயோதிகர்களுக்கோ விழியின் லென்ஸ் சற்றே மங்கியிருப்பதால், உட்புகும் ஒளி சிதறித் திரைபோல் படர்கிறது.

எதிரில் வண்டி கண்டால் விளக்கைத் தாழ்த்துவது இதனால்தான். இடப்புறம் ஓட்டும் நம் நாட்டில், தாழ்ந்த கிரணங்கள் எதிராளியின் நேத்திரங்களைத் தவிர்த்து இடது ஓரத்தையே அதிகம் காட்டுமாறு விளக்கு அமைக்கப்படுகிறது.

சமிக்ஞைகளின் கதை வேறு. விளக்கைச் சிமிட்டினால் இங்கே பெரும்பாலும் ‘நான் வருகிறேன், நில்’ என்று அர்த்தம். இங்கிலாந்திலோ, சாலை விதி அதற்கு இடங்கொடாதபோதிலும், ‘நீங்கள் போங்கள்’ என்கிற உபசாரமாகவே பலர் சிமிட்டுகிறார்கள். முன்னே செல்லும் லாரி வலப்பக்க விளக்கை மினுக்குவது ‘தாண்டலாம்’ என்பதா, ‘திரும்பப் போகிறேன்’ என்பதா? அந்தச் சாரதி இடப்புறம் ஒதுங்கக் கண்டாலன்றி நான் அதை நம்புவதில்லை.