உப்பளத்தில் ஊறாத உயிர்!

நறுக்கிய மாங்காயில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால், மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கும், துண்டுகள் சுருங்கியிருக்கும். வெளியே உப்பு அதிகமானால் உள்ளே இருக்கும் நீர் வெளியே வந்துவிடும். ராயகிரி வீடுகளின் ஊறுகாய் ஜாடியில் நடக்கும் இந்தச் சங்கதி, தண்ணீரில் வாழும் சிற்றுயிர்களுக்கு வாழ்வா, சாவா பிரச்னை!

மலையடிவாரத்து ஊரான ராயகிரி பக்கம் குளங்களில் தேங்குவது மழைத் தண்ணீர். அதில் உப்பு மிகக் குறைவு. இத்தகைய நன்னீரில் துள்ளித் திரியும் கடுகளவு டாஃப்னியாவின் (நீர்த்தெள்ளு) உடம்பிலோ உப்பு அதிகம். அதனால் குளத்து நீர் ஓயாமல் அதன் உடலுக்குள் புகுந்துகொண்டே இருக்கும். உபரி நீரை அது வெளியேற்றிவிடுகிறது. தண்ணீரில் இருக்கும் கொஞ்சநஞ்ச உப்பையும் செவுள்களால் இழுத்துக்கொள்கிறது.

கிழக்கே, தூத்துக்குடி உப்பளத்தில் கதை தலைகீழ். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. பாத்தியில் வெயில் ஏற ஏற அது 100 கிராமையும் தாண்டும். அங்கேயும் ஓர் உயிர் நீந்துகிறது... ஆர்ட்டீமியா என்ற உப்பு இறால். நீளம் ஒரு சென்டிமீட்டர்தான். ஆனால், அதன் ரத்தத்தில் உள்ள உப்பு கடல்நீரில் இருப்பதைவிடக் குறைவு!

எப்படி? 1958-ல் குரோகன் என்ற ஆய்வாளர் இதை விளக்கினார். ஆர்ட்டீமியா அந்த உப்புநீரையே குடிக்கிறது. குடல் நீரையும் உப்பையும் சேர்த்து உறிஞ்சுகிறது. பிறகு, முதல் 10 ஜோடிக் கால்களில் உள்ள செவுள்கள் உப்பை மட்டும் வெளியே தள்ளிவிடுகின்றன. கால் முளைக்காத குஞ்சுக்கு, கழுத்துப் பக்கம் உள்ள சுரப்பி இந்த வேலையைச் செய்கிறது. மனிதனால் இது முடியாது. கடல்நீரைவிட உப்பான சிறுநீரை நம் சிறுநீரகம் உண்டாக்காது. அதனால்தான் கடல்நீரைக் குடித்தால் தாகம் இன்னும் கூடுகிறது.

நிலைமை மோசமானால் ஆர்ட்டீமியா ஓடு மூடிய முட்டைகளை விடும். அவை காய்ந்த நிலையிலேயே வருடக்கணக்கில் கிடந்து, கடல்நீரில் போட்டதும் சுமார் ஒரு நாளில் பொரிக்கும். இறால் பண்ணைகளில் குஞ்சுகளுக்கு இதுதான் முக்கியத் தீனி.

குளத்து நீர்த்தெள்ளுக்கு இந்த வித்தை கைவராது. உப்பை உள்ளே இழுக்கத்தான் அதற்குத் தெரியும். வெளியே தள்ளத் தெரியாது. கழிவுநீர் கலந்து குளத்தில் உப்பு ஏறினால், அது தாக்குப்பிடிப்பது கடினம். அது போனால், அதைத் தின்று வளரும் மீன்குஞ்சுக்கும் பட்டினிதான். குளத்து நீர் உவர்க்காமல் பார்த்துக்கொள்வது, நாளைய மீன்குழம்புக்கும் நல்லது!