பழியைச் சுமக்க ஒரு மிட்டாய்

‘கீமோ ஏற்றும் நாளில் அம்மாவுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்தேன். விரும்பித்தான் குடித்தார். இப்போது அந்த வாசனை பட்டாலே குமட்டுகிறது என்கிறார். சூப் ஒத்துக்கொள்ளவில்லையா?’ என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

சூப் மீது குற்றமில்லை. கீமோ மருந்து பட்டதும் சிறுகுடல் செல்கள் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. வேகஸ் நரம்பு வழியே மூளைத்தண்டுக்குச் செய்தி போய் வாந்தி வருகிறது. மூளை அத்துடன் விடுவதில்லை, ‘எதைத் தின்றோம்?’ என்று விசாரணையைத் தொடங்குகிறது. நஞ்சு வாய்வழியாகத்தான் வரும் என்பது அதன் நெடுங்கால அனுபவம். ரத்தக்குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்கும் என்று அது கண்டதில்லை.

ஊரில் களவு போனால் அன்று வந்த அசலூர்க்காரனைத்தானே முதலில் பிடிப்பார்கள்? மூளையும் புதிய சுவையைத்தான் பிடிக்கிறது. தினமும் வரும் பால்காரர் போன்ற இட்லி பெரும்பாலும் தப்பிவிடும். சில நேரம் அதுவும் மாட்டும். பல மணி நேரம் முன்பே பஸ் இறங்கியவனும் சந்தேகத்துக்குத் தப்புவதில்லை. தீர்ப்பு எழுத ஒரே ஒரு முறை போதும். மருந்துதான் காரணம் என்று நோயாளிக்குத் தெரிந்திருந்தாலும், அந்தச் சாட்சி இந்த நீதிமன்றத்தில் எடுபடாது.

கதிர்வீச்சுக்கு ஆளான எலிகள் அப்போது குடித்த சாக்கரின் நீரைப் பிறகு ஒதுக்கியதை ஆய்வாளர் ஜான் கார்சியா 1955இல் காட்டினார். சியாட்டிலில் ஆய்வாளர் இலீன் பெர்ன்ஸ்டைன், கீமோவுக்கு முன் குழந்தைகளுக்குப் புதுச் சுவை ஐஸ்கிரீம் கொடுத்துப் பார்த்தார். 1978இல் வெளியான முடிவு: குழந்தைகள் அதைப் பின்னர் வெறுத்தார்கள். 1987இல் அவர் குழு அதையே உபாயமாக்கியது. சாப்பாட்டுக்கும் கீமோவுக்கும் நடுவே அழுத்தமான சுவையுள்ள ஒரு மிட்டாய். பழி மிட்டாய் மேல் விழ, சாப்பாடு ஓரளவு தப்பியது.

‘கீமோ வாந்தியை நிறுத்தும் அற்புத பானம்’ என்று கைப்பேசியில் வருவதை நம்பாதீர்கள். இஞ்சியைப் பற்றிய ஆய்வுகளே ஒத்துப்போகவில்லை. 1991இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஓன்டான்செட்ரான் என்ற மருந்து செரோட்டோனின் செய்தியைத் தடுக்கிறது. 2003இல் வந்த அப்ரிபிடன்ட் அடுத்தடுத்த நாட்களின் வாந்தியையும் குறைக்கிறது. மருத்துவர் சொன்ன நேரத்தில், வாந்தி தொடங்கும் முன்பே இவற்றைக் கொடுங்கள். களவே நடக்காவிட்டால் யாரையும் பிடிக்க வேண்டியதில்லை.

அம்மாவுக்கு உயிரான பதார்த்தங்களைக் கீமோ நாளில் சமைக்காதீர்கள். மற்ற நாட்களில் இரண்டு மூன்று மணிக்கொருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஆவி பறக்கும் சோற்றைவிட, அப்போதே சமைத்துச் சூடு தணிந்ததில் வாசனை குறைவாக இருக்கும். குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் உடனே மருத்துவமனையை அழையுங்கள்.

சூப் இப்போதைக்கு வேண்டாம். பலருக்கு இந்த வெறுப்பு நாளடைவில் மங்கிவிடுகிறது. அதுவரை ‘எனக்காக ஒரு வாய்’ என்று வற்புறுத்தாதீர்கள். நீங்கள் ஆசையாகச் செய்ததை அவர் மறுக்கவில்லை. அவர் உடம்பு, தனக்குத் தெரிந்த வழியில் அவரைக் காப்பாற்றப் பார்க்கிறது.