உங்களுக்குத் தெரியுமா? அரசு கேட்டது பத்து, மக்கள் தந்தது மூன்று!

சுவிட்சர்லாந்தில் பிரதமர் பதவியே கிடையாது. ஏழு பேர் கொண்ட குழுதான் ஆட்சி நடத்துகிறது. குடியரசுத் தலைவர் பதவி ஆண்டுதோறும் அவர்களுக்குள் கை மாறும். நாடாளுமன்றச் சட்டம் பிடிக்கவில்லையா? 100 நாளில் 50,000 வாக்காளர்கள் கையெழுத்திட்டால் பொது வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும்.

கிளாருஸ் மாநிலம் இன்னும் ஒரு படி மேலே. மே மாதத்தில் வாக்காளர்கள் திறந்தவெளியில் கூடி, வாக்கு அட்டையை உயர்த்திச் சட்டங்களை முடிவு செய்கிறார்கள். தலைவர் எண்ணுவதில்லை, கண்ணளவிலேயே பெரும்பான்மையை அறிவிக்கிறார். எந்த வாக்காளரும் பேசலாம், திருத்தம் கேட்கலாம். அதுதான் இந்தக் கூட்டத்தின் உயிர். 2006-இல் 25 உள்ளாட்சிகளைப் பத்தாக்க மாநில அரசு கேட்டது. மூன்றே போதும் என்று குடிமகன் ஒருவர் முன்மொழிந்தார், கூட்டம் ஏற்றது. 2011 முதல் அங்கே உள்ளாட்சிகள் மூன்றுதான்.