டி2 ஏற்பியின் கழித்தல் கணக்கு
டோபமினுக்கு ஏற்பிகள் 5. டி1, டி5 இரண்டும் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்னும் தூதுப் பொருளைக் கூட்டுகின்றன. டி2, டி3, டி4 மூன்றும் குறைக்கின்றன. ஆய்வாளர்கள் கெபாபியனும் கால்னும் 1979இல் டோபமின் ஏற்பிகளை இரு வகையாகப் பிரித்தபோது இவற்றின் மரபணு ஒன்றுகூடக் கைக்கு வந்திருக்கவில்லை. டி2 மரபணு 1988இல் கிடைத்தது, 1991க்குள் ஐந்தும் கிடைத்துவிட்டன. அதன்பிறகு ஒவ்வொன்றையும் தனியாக எச்இகே 293 போன்ற வளர்ப்புச் செல்லில் ஏற்றி, அது உள்ளே என்ன செய்கிறது என்று அளக்க முடிந்தது.

கூட்டுவதை அளப்பது எளிது. குறைப்பதை அளப்பதில்தான் சிக்கல். சும்மா இருக்கும் செல்லில் சைக்ளிக் ஏஎம்பி ஏற்கெனவே சொற்பம். அதில் எதைக் கழிப்பது? ஆகவே முதலில் ஃபோர்ஸ்கோலின் விட்டு அளவை ஏற்றிவிடுகிறார்கள். அது ஏற்பியை நாடாமல் சைக்ளிக் ஏஎம்பியை ஆக்கும் அடினைலைல் சைக்ளேஸ் நொதியை நேரே தூண்டும். ஃபோர்ஸ்கோலின் மருந்துக் கூர்க்கன் வேரிலிருந்து வருகிறது. ஆம், சேலம் பக்கம் பயிராகும் அதே கூர்க்கன்தான்.

ஃபோர்ஸ்கோலினின் மூலக்கூறு எடை 410.5. குழிக்கு 100 மைக்ரோலிட்டர், செறிவு 10 மைக்ரோமோலார் என்றால் 0.41 மைக்ரோகிராம் போதும். 96 குழித் தட்டு முழுமைக்கும் 39.4 மைக்ரோகிராம். ஒரு கிலோ காய்ந்த வேரில் ஃபோர்ஸ்கோலின் 0.5 சதவீதம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 5 கிராம் ஆகிறது. பிரித்தெடுக்கையில் வரும் இழப்பைக் கணக்கில் கொள்ளாவிட்டால், சுமார் 1,27,000 தட்டுகளுக்குக் காணும்.

டோபமினும் அதே 10 மைக்ரோமோலார் என்றால் குழியில் 6 கோடி கோடி மூலக்கூறுகள். செல்கள் 50,000 எனில் தலைக்கு 1,200 கோடி. செல்லுக்கு 1 லட்சம் ஏற்பி இருந்தாலும் ஏற்பி ஒன்றுக்கு 1,20,000 மூலக்கூறு வருகிறது. ஆனால் டோபமின் காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடையும். அதைக் காக்கக் கூடவே அஸ்கார்பிக் அமிலம் சேர்க்க வேண்டும்.

செல்லுக்கும் செலவு உண்டு. ஒரு சைக்ளிக் ஏஎம்பி உருவாக 1 ஏடிபி போகிறது. அது சிதைந்து ஏஎம்பி ஆனபின் மறுபடி ஏடிபியாக 2 உயர் ஆற்றல் பாஸ்பேட் வேண்டும். சைக்ளிக் ஏஎம்பி இயக்கும் நொதியான புரதக் கைனேஸ் ஏ விழிக்க 4 சைக்ளிக் ஏஎம்பி தேவை, ஆக 8 பாஸ்பேட். ஏற்பியின் செய்தியைச் செல்லுக்குள் கடத்துவது ஜி புரதம். டி2 தூண்டிய ஒரு ஜி புரதம் தன் சுற்றை முடிக்க ஆவதோ 1 குவனோசின் டிரைபாஸ்பேட்.

முடிவைச் சதவீதமாகத்தான் எழுதுகிறார்கள்: ஃபோர்ஸ்கோலின் ஏற்றியது 100, டோபமின் இறக்கியது இவ்வளவு. ஃபோர்ஸ்கோலின் எவ்வளவு விட்டார்கள் என்று சொல்லாத சதவீதத்தை நான் ஏற்க மாட்டேன். அந்த அளவு மாறினால் கழித்தலும் மாறும். இரண்டு ஆய்வகங்களின் எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே முடியாது.

தவிர, இதே டி2 ஏற்பி பீட்டா அரெஸ்டின் 2 என்னும் புரதம் வழியாக ஏகேடி நொதியையும் அடக்குகிறது என்று 2005இல் எலி மூளையில் காட்டினார்கள். சைக்ளிக் ஏஎம்பி அளக்கும் தட்டில் அது பதிவாகாது. அதைத் தனியாகத்தான் அளக்க வேண்டும்.